இந்த வருசம் காய்க்காத முருங்கை

முதலில் பூ.
விடியப்புறம் நாலரைக்கு,
பக்கத்து வீட்டு லைற் எரிய முன்னம்
கொக்கத்தடியால் கொப்பை வளைத்து
ஒரு சுளகு நிறைய.
பாலில் அவித்து, பனங்கட்டி இரண்டு துண்டு போட்டு
மூக்குப்பேணியில் நீட்டினேன்.
"என்னப்பா இது?"
"சளிக்கு."
அவருக்குச் சளி இல்லை.
குடித்தார்.

மற்றதெல்லாம் கடையில் வாங்க வேணும்.
கொக்குவிலில் வாங்கினால்
நான் வீடு வந்து சேர முன்னம்
கொண்டாவிலுக்குத் தெரிந்துவிடும்.
ஆகையால் அமுக்கிராக் கிழங்கு சுன்னாகத்தில்,
நீர்முள்ளி விதை பெரியகடையில்,
பூனைக்காலிக்கு பஸ் ஏறிச் சாவகச்சேரி.
ஒவ்வொரு கடைக்கும் ஒரு துண்டு தெரியட்டும்,
முழுப்படம் எனக்கு மட்டும்.
சாவகச்சேரிக் கடைப் பெடியன்
பொட்டலத்துக்கு நூல் சுற்றியபடி கேட்டான்:
"அக்கா, அமுக்கிராவும் வேணுமே?"
கற்பூரத்தின் விலையை
நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நெருஞ்சிலுக்குக் காசில்லை.
தண்டவாள ஓரம் மஞ்சளாய்ப் பூத்துப் படர்ந்து கிடந்தது.
செருப்பைத் துளைத்துக் குதிக்காலில் ஏறிய முள்ளை
ஒற்றைக்காலில் நின்று பிடுங்கினேன்.
நோவுதான். ஆனாலும்
எங்கள் அறைக்கு வெளியே வந்து
நோவு என்று சொல்லக்கூடிய நோவு.

எள்ளுப்பாகு இடித்தேன்.
உழுத்தம்மாக் களி கிண்டினேன்.
பேரீச்சம்பழத்தைத் தேனில் ஊறவிட்டேன்.
அவர் ஒன்றும் கேட்கவில்லை,
பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் கிண்ணத்தை வழித்துவிட்டு
மின்சார சபைச் சேட்டை மாட்டிக்கொண்டு
வீடு வீடாய் மீற்றர் வாசிக்கப் போனார்.

இரவில் சுவர்ப்பக்கம் திரும்புவார்.
அவருடைய முதுகு மன்னிப்புக் கேட்கும்.
பரவாயில்லை என்று என் முதுகு சொல்லும்.
ஒன்றரை வருசமாக
முதுகுகள்தான் கதைத்துக்கொண்டிருந்தன.

கைதடிச் சித்த ஆஸ்பத்திரியில்
டொக்டர் பிள்ளைக்கு முப்பது வயதிராது.
என் துண்டுக் கடதாசியைச் சிரிக்காமல் வாசித்தா.
"எல்லாத்துக்கும் பனங்கட்டியோ?"
"இனிப்பில்லாட்டி மனுசன் குடியாது."
"இரவில எத்தினை தரம் எழும்புறவர்?"
"நாலு. அஞ்சு."
பேனையை மூடி வைத்தா.
"பூவால கெடுதியில்லை அக்கா.
முதல்ல ரத்தத்தில சீனி எவ்வளவெண்டு பாருங்கோ."

முன்னூற்றுப் பன்னிரண்டு.

ஊர் இலக்கமெல்லாம் வாசிக்கிறவர்
அந்தக் கடதாசியை எட்டப் பிடித்தார், கிட்டப் பிடித்தார்.
"இதில பாதி நீ ஏத்தினது" என்றார்.
பிறகு, பட்டப்பகலில்,
பஸ் தரிப்பிடத்து வாங்கில், குரலைக் கொஞ்சமும் தணிக்காமல்:
"சளிக்கு ஆரடி பூனைக்காலி குடுக்கிறது?"

எல்லாம் தெரிந்திருக்கிறது.
தெரிந்துதான் குடித்திருக்கிறார்
மூன்று மாதம்,
அந்தக் கசப்பையும் அதற்குமேல் நான் போட்ட இனிப்பையும்.
எனக்குக் கோபம் வந்தது. அழுகையும்.
எழுநூற்றைம்பதாம் இலக்க பஸ்ஸை
விட்டுவிட்டோம்.

இப்போது குளிசை, காலையும் மாலையும்.
குத்தரிசிச் சோறு ஒரு அகப்பை, பாகற்காய்,
முருங்கையிலை வறை,
பொழுதுபட ஸ்ரேசன் வரை நடை.
பூப்பால் இன்னும் உண்டு, பனங்கட்டி இல்லாமல்.
முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிக்கிறார்.
பலன்?
சில இரவில் வருகுது, சில இரவில் இல்லை,
எங்கட சபை மாதிரி என்கிறார் அவரே.
வராத இரவுகளிலும்
சுவருக்கு அவருடைய முகம் இப்போது தெரியாது.

நேற்று வேலிக்கு மேலால் தவமலர்:
"ரூபி, ஊரெல்லாம் முருங்கை காய்ச்சுத் தொங்குது,
உங்கட மரத்தில ஏன் ஒண்டையும் காணேல்லை?"
"காத்துக்குப் பூவெல்லாம் கொட்டுண்டுட்டுது அக்கா."
காற்றே அடிக்காத மாதம்.
உள்ளே முகம் வழித்துக்கொண்டிருந்தவர்
வெடித்துச் சிரித்ததில் தாடையில் ஒரு வெட்டு.
சிரிப்பு இருமலாகி, புரையேறி, நிற்கவில்லை.
தவமலர் எட்டிப் பார்த்தா.
"அவருக்கென்ன?"

"சளி" என்றேன்.