மேலா, கீழா

வகைப்பாட்டு அட்டவணையில் முதல் கேள்வி:
உதட்டிதழ் மேல்நோக்கியா, கீழ்நோக்கியா?
பதினோரு வருஷமாய் இதையே கேட்டு
'கீழ்' என்று எழுதியவர்களுக்கு
அரை மார்க் போட்டிருக்கிறேன்.

பொன்மனையில் றோஸ்லெட் வீட்டு அயனி
இடவப்பாதிக் காற்றில் சாய்ந்தது செவ்வாய் ராத்திரி.
ஞாயிறு நான் போனபோது
கரண்ட் கம்பி இன்னும் தரையில்.
பூதலிங்கம் உச்சிக்கொம்பை அறுத்துக்கொண்டிருந்தான்,
குத்தவைத்து உட்கார்ந்தபடி.
அறுபதடியில் இருந்ததெல்லாம் முழங்கால் உயரத்தில்:
எறும்புக்கூடு, ஒரு பட்டத்தின் வால்,
அப்புறம் அது.

விரல் தடிமனில் வேர்கள், சாம்பல் நிறம்.
பாட்டில் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றினேன்.
பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சை.

'புல்லுருவி' என்றான்.
இல்லை, மரத்திடம் இது
உட்கார இடம் தவிர ஒன்றும் கேட்காது.
'பின்ன இதுக்க பேரு?'
வாண்டா.
'வாண்டாம்னா அந்தால தூக்கிப் போட்டிரட்டா?'

ஒரு காலத்தில் வேறு பேர்.
மரத்தின்மேல் முளைக்கும் ஆர்க்கிட் எல்லாவற்றையும்
ஒரே சாக்கில் போட்டு
'மரத்தின்மேல்' என்றே பேர் எழுதிக் கட்டிவைத்திருந்தார்கள்.
பிறகு யாரோ சாக்கை அவிழ்த்து
மகரந்தக் கட்டியை எண்ணினார்கள்:
இரண்டு, மெழுகுபோல, ஒரே வாரில் ஒட்டியவை.
ஒருவர் பிரித்ததை இன்னொருவர் சேர்த்தார்.
சேர்த்ததை மூன்றாமவர் அடித்துத் திருத்தினார்.
செடிக்கு ஒரு தபாலும் போகவில்லை.

கொம்பு தலைகீழாய்க் கிடந்தது.
அதில் ஒரே ஒரு பூந்தண்டு.
அடியில் மூன்று பூ, காற்றுக்கு முன்பே விரிந்தவை.
தவிட்டுநிறக் கட்டம் போட்ட இதழ்கள்,
ஊதா உதடு
மூன்றுக்கும் வானத்தைப் பார்த்து.

நுனியில் இரண்டு, விழும்போது மொட்டு.
இந்த ஐந்து நாளில் காம்பை முறுக்கி
புதிய கீழைக் கண்டுபிடித்து
அதன்பின் விரிந்திருக்கின்றன.

நடுவில் ஒன்று
பாதி திரும்பி நின்றுவிட்டது,
பக்கவாட்டில், றப்பர் பால் ஷெட்டைப் பார்த்தபடி.
மணம் ஆறுக்கும் ஒன்றுதான்.

நோட்டில் எழுதினேன்:
உதட்டிதழ், மேல் மூன்று, கீழ் இரண்டு,
அப்புறம் ஒரு காற்புள்ளி.

'டீச்சரே, லோடு வண்டி வந்தாச்சு.'
கேட்காமலே செடிக்கு இருபுறமும் அறுத்து
கைநீளத் துண்டாய் எடுத்தான்.
ஸ்கூட்டர்வரை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து
கால்வைக்கிற இடத்தில் இறக்கப்போனவன்
குனிந்தவாக்கில் நின்றான்.

'எந்தப் பக்கம் மேல?'