தெற்கு முகம்

இந்தப் பாலைவனத்துக்கு
மணல் லாரியில் வருகிறது.
சிரிக்காதீர்கள்.
அரிசோனாவில் எங்கள் பக்கம் சரளையும் செம்மண்ணும்தான்,
பந்து விழுந்தால் எகிறும்.
பங்கருக்கு வெள்ளை வேண்டும்,
பருக்கை பருக்கையாய் ஒரே அளவில்.

வடிவமைத்தவர் விட்லாக் டிரேன்.
ஜீப் பானெட்டில் தாளை விரித்து
பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்ப்பார்.
புல்லுக்கு அனுமதி தொண்ணூறு ஏக்கர்.
பச்சைப் போர்வையைப் பதினெட்டாய்க் கிழித்து
மலையடிவாரத்தில் உதறியதுபோல்
ஒன்றுக்கொன்று தெரியாமல் கிடக்கும் மைதானங்கள்.
அடித்தால் வறண்ட ஓடையைத் தாண்ட வேண்டும்.
தாண்டாத பந்து பாம்புக்கு.
நடுவிலெல்லாம் கை படாத பாலை
என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

படாத கை அவருடையது.
நானூற்றுப் பதினோரு சகுவாரோக் கள்ளிகளை
நாங்கள் பெயர்த்தோம், எண் கட்டினோம், நட்டோம்.
ஒவ்வொன்றின் தெற்குப் பக்கத்திலும் சுண்ணாம்பில் ஒரு பொட்டு.
நூறு வருட வெயிலில் தடித்த தோல் அது.
நடும்போதும் அது தெற்கே பார்க்க வேண்டும்.
வடக்குத் தோல் குழந்தை மாதிரி.

ஏழாவது குழிக்கு வலப்புறம் நிற்பது
இருநூற்று முப்பத்தெட்டு.
அன்று ஆகஸ்ட் மழை, பொட்டு கரைந்துவிட்டது.
கிரேனுக்கு மணிக்கணக்கில் வாடகை.
அது அந்தரத்தில் தொங்குகிறது,
ஹால்வர்சன் கத்துகிறான்:
எந்தப் பக்கம், எலிசியோ?
இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தேன்,
கையுறையைக் கழற்றாமல்.
இப்படித்தான் என்றேன்.

மூன்றாம் கோடையில் முகம் பழுத்தது.
ஐந்தாவதில் பட்டை வெடித்து
ஒரு கை தொங்கிப்போனது,
நேராகக் கொடிக்கம்பத்தை நோக்கி.

இருநூறு உறுப்பினர்கள் இங்கே,
நாற்பது பேர் வந்தால் அன்று கூட்டம்.
அந்தக் கையைப் பார்த்து அடி
என்று விருந்தாளிக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.
ஆல்த்ரோப் சீமாட்டி அதை
வாழ்த்து அட்டையில் அச்சடித்தாள்.

பத்தாம் ஆண்டு விழாவுக்கு டிரேன் வந்தார்.
கள்ளியைப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார்,
பிறகு குழாய் மாட்டிக்கொண்டிருந்த என்னை.
எல்லாம் யோசித்து வைத்ததா என்று யாரோ கேட்க,
ஆமாம் என்றார், தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு.
அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.
அதற்கு முன்பும் பேசியதில்லை.

இரவு இரண்டு மணிக்கு என் வேலை.
ஊதா நிறக் குழாய்களில்
நகரம் குளித்த தண்ணீர் சுத்தமாகி வரும்.
தெளிப்பான்கள் சீறிச் சீறித் திரும்பும்.
கள்ளிக்குப் பதினைந்து அடி முன்னால்
தண்ணீர் நிற்க வேண்டும். நிறுத்தியிருக்கிறேன்.
வேர் அழுகினால் அதுவும் என் கணக்கில்.

மரங்கொத்தி குடைந்த பொந்தில்
யாருடைய பந்தோ ஒன்று, டார்ச் அடித்தால் மின்னும்.
எடுக்கவில்லை.

இந்த மே மாதம் அது பூத்தது.
நாற்பதடி உயரத்தில் வெள்ளையாய் ஒரு கொத்து,
விடிவதற்குள் வௌவால்கள் வந்து போயின.
எந்தப் பக்கம் என்று
கீழே இருந்து தெரியவில்லை.