எட்டு முதல் பன்னிரண்டு வரை

கம்பாடோஸ் துறையில் இன்று படகு எதுவும் கிளம்பவில்லை.
கூட்டுறவு அலுவலக மாடியில்
மழை கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டிருக்க
டப்பாவுக்கு லேபிள் வரைகிறேன்,
கணக்கெழுதிப் பழகிய கையால்.

ஒரு சிப்பி தேறியது.
நான்கு புள்ளி, இரண்டு வளைவு,
பாதி ஒளி புகும் நீலம்.
அதற்கே மதியச் சாப்பாடு ஆறிப்போயிற்று.

"அம்புக்குறியை எடு. சிப்பியைத் தொடு," என்கிறான் பிராய்ஸ் தொலைபேசியில்.
"சுற்றிலும் அம்புகள் முளைத்ததா?"
முளைத்தன.
இன்னொரு முறை தொட்டேன்; அம்புகள் வளைந்துகொண்டன.
தொட்டாற்சிணுங்கிகூட இத்தனை ரோஷம் காட்டாது.
"அது திருப்புவதற்கு. மறுபடி தட்டு, பழையபடி ஆகும்."
ஆனது.
"இப்போது கன்ட்ரோலும் டி-யும் சேர்த்து" என்றவனைக்
காற்று கொண்டுபோயிற்று.

அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை.
அழுத்தினேன்.
லிஃப்ட் வராத எரிச்சலில் பொத்தானைக் குத்துகிறவர்களைப் போல
எத்தனை முறை என்று எண்ணாமல்.
சிப்பி மட்டும்
குத்துக்குக் குத்து கொஞ்சம் கறுத்தது.
பொழுது சாய்கிறது என்று நினைத்து
எழுந்துபோய் விளக்கைப் போட்டேன்.

கை தவறி இழுத்தபோதுதான்
ஒன்றின் அடியிலிருந்து ஒன்று.
அதன் அடியில் இன்னொன்று.
அதே இடத்தில், அதே விளிம்பில்
மூச்சு வெளியே தெரியாமல் அடுக்கி நின்றிருந்தன.
நகல் தள்ளித்தான் பிறக்கும் என்று
எனக்கு யார் சொன்னது?

தாள் முழுக்கப் பரப்பினேன்.
இதில் நான் வரைந்தது எது?
கோப்பைக் கேட்டால் அதற்கும் தெரியாது.

எல்லாவற்றையும் ஒருசேர நகர்த்த
வெளியிலிருந்து ஒரு பெட்டி இழுத்தேன்.
வால்நுனி வெளியே நின்ற சிப்பி வரமாட்டேன் என்றது.
பெட்டியை அகலமாக்கினேன்.
கண்ணுக்குப் பன்னிரண்டு.
திரையின் கீழ்வரியில்:
பதின்மூன்று பொருள்கள் தேர்வாகியுள்ளன.

எங்கள் டப்பாவின் பக்கவாட்டில் எப்போதும் அச்சிடுவோம்,
எட்டு முதல் பன்னிரண்டு வரை என்று.
ஒவ்வொன்றாய் நகர்த்திப் பார்த்துத் தேடலாம்தான்.
மணி ஐந்தரை. சேமித்துவிட்டுக் குடையை எடுத்தேன்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அச்சுத்தாளை விரித்தபோது
செயலாளர் ஒப்தூலியா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
இடது ஓரத்தில் ஒரு சிப்பியின்மேல் விரல் வைத்தாள்,
மற்றவற்றைவிட ஒரு பங்கு இருண்டது.

"இது ஒன்றுதான், சபேலா, கடலிலிருந்து வந்த மாதிரி இருக்கிறது.
மற்றதையும் இப்படியே செய்யேன்."