இரண்டு விரற்கடை

இடப்பக்கத் திரை
மூடிப்போன வங்கியின் ஏலத்தில் வந்தது.
வலப்பக்கத் திரை
சிலேக்குக் குடிபெயர்ந்த பல் மருத்துவர்
வாடகைப் பாக்கிக்கு விட்டுப்போனது.
வெள்ளையையும் அது
மாம்பழத்தோல் நிறத்தில்தான் காட்டும்.

இரண்டும் ஒரே உயரமில்லை.
இரண்டு விரற்கடை வித்தியாசம்.
இங்கிருந்து அங்கே போகும் அம்புக்குறி
மேல்மூலையில் முட்டி நின்றுவிடும்,
படி தெரியாத கோழி மாதிரி.
கொஞ்சம் கீழே இறக்கி
அக்கரை சேர்க்க வேண்டும்.
ஒரு நாளைக்கு எத்தனை தரம் என்று
டெயானிரா எண்ணுவதை விட்டுவிட்டாள்.

மரகைபோவில் இரவு ஒன்பது மணி.
முப்பத்து மூன்று டிகிரி.
மின்விசிறிக்கும் கணினிக்கும் ஒரே பிளக்.
மின்விசிறி தோற்றுப் பல மாதம் ஆகிறது.

திரைக்கு மூன்று பேராக ஆறு கணக்குகள்.
ஒருவன் சிங்கி இறால் பிடிக்கிறான்.
ஒருத்தி அதைச் சுடுகிறாள்.
சுட்டதைச் சுமப்பவனுக்குக்
கழுதை என்றே பெயர், புர்ரோ.
வாளோடு ஒருவன், காவல்.
அவன் காயத்துக்கு மந்திரம் சொல்ல
நீலப் பாவாடைக்காரி ஒருத்தி.
தன்னிடமிருந்து வாங்கித்
தனக்கே கொடுத்து
கைமாற்றுக் கட்டத்தில் இரண்டு முறை
சம்மதம் அழுத்துகிறாள்,
ஒரு முறை விற்பவளாக,
ஒரு முறை வாங்குபவளாக.
பேரம் மட்டும் கிடையாது.

ஆறாவது ஆளுக்கு வேலை இல்லை.
ஐவரில் எவரைத் தடைசெய்தாலும்
அந்த இடத்தில் நிற்பதற்காகக்
காட்டோரம் வளர்ந்துகொண்டிருக்கிறாள்.
பெயர் லுஸ்.
வெளிச்சம் என்று பொருள்.
இந்த ஊரில் கரண்டுக்கும் அதுதான் பெயர்.

சேர்ந்த தங்கத்தை வாங்குபவர் ஹால்வார்,
நார்வேயில் எங்கோ.
ஜன்னல் வரை பனி என்று எழுதுவார்.
விளையாட ஆசை, நேரமில்லை என்பார்.
கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்:
'உங்கள் அறுவருக்கும் என் நன்றி.'
அவள் திருத்தியதில்லை.
அறுவர் என்றால் இரண்டு டாலர்
கூடத்தான் வைக்கிறார்.

ஒன்பதே காலுக்கு
வெள்ளிக் கிரீடம் வைத்த ஒருவன் வந்து
புர்ரோவின் எதிரே நின்றான்.
கிரீடம் வைத்தவர்கள் விளையாட வருவதில்லை.
தலைக்கு மேல் எழுத்து எழுந்தது:
'அங்கே ஆள் இருக்கிறதா?'

வியர்த்த கையால் எலியைத் தள்ளினாள்.
அம்புக்குறி மூலையில் முட்டியது.
கவனிக்கவில்லை.
'இருக்கிறேன்' என்று தட்டினாள்.

புர்ரோ வாய் திறக்கவில்லை.
அடுத்த திரையில்,
மஞ்சள் பிடித்த காட்டோரத்தில்,
யாருமே கேட்காத இடத்தில்,
லுஸ் சொல்கிறாள்:
இருக்கிறேன்.

கிரீடம் மறுபடி கேட்டது.
பத்து வினாடி கொடுப்பார்கள் என்று கேள்வி.
இறக்கி, இழுத்து, அக்கரை சேர்த்து,
புர்ரோவின் கட்டத்தில்
இ, ரு, க்

அதோடு போயிற்று.
திரை இரண்டும், தெருவிளக்கும்,
எதிர்வீட்டு ரேடியோவும்.
'லுஸ் போயிட்டா!' என்று
தெருக்கோடிவரை ஒருவர் மாற்றி ஒருவர்
வழக்கம்போலக் கத்தினார்கள்.

விசைப்பலகைமேல் விரல் அப்படியே இருந்தது.
அங்கே ஆறு பேரும்
இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருப்பார்கள்,
மூச்சு விடுவதுபோல் தோள் அசைய.
பிறகு ஒவ்வொருவராக.
புர்ரோவைக் கடைசியாகப் பார்த்தவன்
என்ன எழுதிக்கொண்டான் என்பது
கரண்டு வந்தால்தான் தெரியும்.

தெற்கே ஏரிக்கு அப்பால்
கட்டதும்போ மின்னல்.
இடியே கேட்காமல்
அடுக்கடுக்காய் வெட்டிக்கொண்டிருந்தது,
ஒரு மாகாணத்துக்கே போதுமான வெளிச்சம்,
ஒயர் மட்டும் இல்லை.
அதில் ஒரு கணம் தெரிந்தது,
கறுத்த கண்ணாடி இரண்டிலும் அவள் முகம்.
ஒன்று கொஞ்சம் தாழ்ந்து.

போனில் ஒரு கோடு சிக்னல்.
ஹால்வார்: 'திடீரென்று காணோமே,
எல்லோரும் எங்கே போனீர்கள்?'

தோசைக்கல்லில் காலையில் சுட்ட அரேப்பா
ஒன்று மிச்சம் இருந்தது.
ஒரு கையில் அதைப் பிட்டுக்கொண்டு
இன்னொரு கையால் பதில் எழுதினாள்:

'சாப்பிட உட்கார்ந்திருக்கிறோம்.'