இரண்டாம் சாட்சி

முதல் சாட்சி தபால்கார வெள்ளியங்கிரி
போன தையில் போய்ச் சேர்ந்தார்.
மிச்சம் நான்தான்:
பூம்பாறைக்குப் பதினாறு வருடமாக நர்சம்மா.

பழனி கோர்ட்டுக்கு நேரத்தில் போய்ச் சேர
காலையில் ஒரே பஸ்.
மன்னவனூரிலேயே ஏறிவிட்ட வாதி முன் சீட்டில்.
எங்கள் ஊரில் ஏறிய பிரதிவாதி, மனைவியோடு, கடைசி சீட்டில்.
நடுவில் நான்,
இரு தரப்புக்கும் ஊசி போட்டவள்,
எந்தப் பக்கமும் திரும்பாமல்
கண்ணாடியில் படிந்த பனியைத் துடைத்துக்கொண்டு.

சவரிக்காட்டு வளைவில் செங்கமலத்துக்குக் குமட்டியது.
பின்னாலிருந்து ஒரு எலுமிச்சம்பழம்
கைமாறிக் கைமாறி முன்னே போனது.
கொடுத்துவிட்டது யாரென்று அவள் கேட்கவில்லை.
மலை இறங்கும்வரை மோந்துகொண்டே வந்தாள்,
இறங்கியதும் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு
வக்கீலைத் தேடிப் போனாள்.

வடக்கே ஓடை,
கிழக்கே போத்த மன்னாடியார் பூமி,
தெற்கே வனத்துறைக் கல்,
மேற்கே மாமூல் நடைபாதை,
இதன் மத்தியில்
படிப்படியாகப் பூண்டு விளைந்த இரண்டு ஏக்கர் நாற்பது சென்ட்.
மகளுக்குச் சீர் செய்தாகிவிட்டது,
ஆகவே அத்தனையும் மகனுக்கு என்கிறது உயில்.
தடையுத்தரவு வந்து ஏழு வருடம்.
இப்போது பெரணி மண்டி
மத்தியானத்தில் காட்டுமாடுகள் படுத்து அசைபோடுகின்றன.
இன்றைய தேதியில் அனுபோகம் அவற்றுக்குத்தான்.

"எழுதப் படிக்கத் தெரிந்தவர்
ஏன் ரேகை வைத்தார்?"
வலது கையில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது.
"ஏற்றியது?"
நான்.
"தூக்க மருந்து?"
இல்லை. காய்ச்சலுக்கு மட்டும் ஓர் ஊசி.
"காய்ச்சல் எவ்வளவு?"
நூற்றி இரண்டு.
"நூற்றி இரண்டில் கிடந்த மனிதர்
பூரண சுயநினைவோடு இருந்தாராக்கும்?"
வடுகபட்டியில் பூண்டு என்ன விலை என்று கேட்டார்.
எழுத்தர் நூற்றெண்பது என்றார்.
"பொய். இருநூத்திப் பத்து" என்று அதட்டினார்.
பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள்.
நீதிபதி தட்டச்சர் பக்கம் திரும்பி
விலை நினைவிருந்ததாகச் சாட்சி கூறுகிறார் என்றார்.
நான் நின்ற நாற்பது நிமிடம்
அரைப் பக்கத்துக்குள் அடங்கியது.

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும்மா என்று
இரண்டு வக்கீல்களும் சொல்லி வைத்திருந்தார்கள்,
தனித்தனியாக, ஒரே டீக்கடையில்.

அதனால் இதை யாரிடமும் சொல்லவில்லை:
ரேகை வைத்து முடிந்து
மையைத் துடைக்கப் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து
அவர் கட்டைவிரலைப் பிடித்தேன்.
வேலப்ப மன்னாடியார் நிமிர்ந்து
என் முகத்தையே பார்த்தார்.
"எப்ப வந்த செங்கமலம்?"
எழுத்தர் தாளை ஊதிக் காயவைத்துக்கொண்டிருந்தார்.
வெள்ளியங்கிரிக்குக் காது மந்தம்.
மகன் வெளியே ஜீப்காரனோடு வாடகை பேசிக்கொண்டிருந்தான்.
"இப்பத்தான்" என்றேன்.
நோயாளி எதைக் கேட்டாலும்
ஒத்துப்போவது எங்கள் பழக்கம்.
"கஞ்சி குடிச்சியா?"
"குடிச்சேன்."
கண்ணை மூடிக்கொண்டார்.

அது ஜுரப் பிதற்றல் என்றால்
உயில் நிற்காது; பாதி நிலம் அவளுக்கு.
பிதற்றல் இல்லை, தேட்டம்தான் என்றால்
உயில் நிற்கும்; நிலத்தில் ஒரு பிடி மண் இல்லை,
தேடினார் என்பது மட்டும் அவள் பங்கு.
நாடி பார்க்கத் தெரிந்த எனக்கு
இன்னும் இது பிடிபடவில்லை.

வாய்தா ஆவணிக்குப் போய்விட்டது.
திரும்பும் பஸ்ஸில் கூட்டம்.
என் பக்கத்தில்தான் இடம் இருந்தது,
செங்கமலம் வந்து உட்கார்ந்தாள்.
தன் தரப்புக்கு எதிராகச் சாட்சி சொன்னவளோடு
பேசக்கூடாது என்று வக்கீல் சொல்லியிருப்பார்.
பெருமாள்மலை வரை பேசவில்லை.
அப்புறம், ஜன்னலைப் பார்த்தபடி,
"சாப்பிட்டீங்களா சிஸ்டர்?"

காலையில் குடித்த டீ மட்டும்தான்.
ஆச்சு என்றேன்.
அவள் தலையாட்டிக்கொண்டாள்.
வெளியே ஒன்றும் தெரியவில்லை,
வண்டி இரண்டாவது கியரில் முனகிக்கொண்டிருந்தது.