செவ்வாயும் வெள்ளியும்

பாட்டு வெளிவந்த மூன்றாம் நாள்
ஞாயிறு இணைப்பில் ஒருவர் எழுதினார்:
'வீட்டுக்காரர் போர்ட்டிகோவில்
குடித்தனக்காரர் நிறுத்திய ஸ்கூட்டர் மாதிரி
மெட்டுக்குள் நிற்கிறது ராப்.'
ஐந்துக்கு இரண்டரை.

சாலிகிராமத்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடி,
முட்டை அட்டை ஒட்டிய எங்கள் அறையில்
சத்தம் போட்டுப் படித்தோம்.
உவமை நன்றாக இருந்தது.
அதுதான் வலித்தது.

இன்னொருவர் தொலைக்காட்சியில்
கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார்:
கண்ணோடு கண் பார்த்துப் பாடியிருக்கிறார்கள்,
இல்லாவிட்டால் இந்த நெருக்கம் வராது.
அதிலும் இரண்டாம் சரணம் முடிந்து
அவன் வாய் திறக்குமுன் வருகிற
அந்த அரை விநாடி மௌனம்,
அதற்கே தனியாக ஒரு விருது தரலாம்.

நான் ஒலிப்பதிவாளன்.
அவள் கடைசிச் சொல்லின் வாலில்
கீழே தண்ணீர் லாரி ரிவர்ஸ் எடுத்தது.
பீப் பீப்பை வெட்டி எறிந்தபோது
மிச்சமானது அந்த மௌனம்.

அவர்கள் பார்த்துக்கொள்ளவே இல்லை.
மெர்லின் பாடியது செவ்வாய்க்கிழமை.
தொண்டையில் சளி, ஃபிளாஸ்கில் மிளகுப் பால்,
பதினொரு டேக். ஏழாவதை வைத்துக்கொண்டேன்.
படியிறங்கும்போது கேட்டாள்: ராப் யாரு சார்?
இன்னும் முடிவாகலை என்றேன்.

தமீம் வந்தது வெள்ளி, ஜும்மா முடித்து,
ராயபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி.
போனில் பதினாறு வரி,
மூச்சுவிட இடமில்லாத வரிகள்.
ஹெட்போனை மாட்டியவன் சொன்னான்:
'அண்ணே, மியூசிக்க எல்லாம் எடுத்துட்டு
அவங்க குரல மட்டும் ஓட விடுங்க.'
ஓட விட்டேன்.
பழக்க தோஷம், பதிவும் ஓடிக்கொண்டிருந்தது.
நாலு நிமிஷம் பன்னிரண்டு விநாடி
அவன் ஒன்றும் பேசவில்லை.
'நீ போன பிறகும் உன் செருப்புச் சத்தம்
படியிறங்கிக்கிட்டே இருக்கு' என்கிற இடத்தில் மட்டும்
ஒருமுறை மூக்கை உறிஞ்சினான்.

பிறகு கட்டைவிரலால்
ஒன்பது வரியை அழித்தான்.
மிச்சம் ஏழைச் சொன்னான்,
கடன் கேட்கப் போனவன்
செருப்பைக் கழற்றாமல்
வாசலிலேயே நின்று சொல்கிற மாதிரி.

'ராப்பருக்கு வேகம் போதாது,
வரிப் பஞ்சம் வேறு' என்றது ஒரு மாதப் பத்திரிகை.

செவ்வாயையும் வெள்ளியையும்
சனிக்கிழமை ராத்திரி ஒட்டவைத்தேன்.
பொருத்தம் பார்க்கவில்லை.
தயாரிப்பாளருக்கு ஞாயிறு காலை வேண்டியிருந்தது.

போன வாரம் வடபழனி சிக்னலில், ஷேர் ஆட்டோவில்
என் முட்டியில் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்த
ஐடிஐ சீருடைப் பையன்
மெர்லின் பகுதியை முனகி முடித்தான்.
ஓட்டுநருக்கு நாற்பது இருக்கும்.
திரும்பிப் பார்க்காமல்
அந்த ஏழு வரியை எடுத்தார்,
சரியாக அரை விநாடி விட்டு.
லாரி ஞாபகம் வந்து
சில்லறை எண்ணுகிறவன்போல் குனிந்துகொண்டேன்.

டிஸ்கில் இடமில்லை என்கிறது கம்ப்யூட்டர்.
அழிக்க வேண்டியவற்றில் முதலில் நிற்கிறது
'தமீம், வெள்ளி, டேக் பூஜ்யம்':
மூச்சும் ஒரு மூக்குறிஞ்சலும்.
இரண்டு வாரமாக அதைத் தாண்டிப் போய்
வேறெதையாவது அழிக்கிறேன்.
நேற்று ஒரு பற்பசை விளம்பரம்.