ஒரு கொட்டை கூடுதல்

பெய்ராத் துறைமுகத்திலிருந்து
மிக்கேல்பிச்சை பேசி அனுப்பினான்:
"இங்கேயும் பனைதான், ரோஸ்லின்.
நடுமரம் மட்டும் வயிறு பெருத்து
ஏழு மாசக்காரி மாதிரி.
கள் இறக்குறாங்க, கூடை முடையுறாங்க,
கரையான் தொடாத கட்டையில
பாலமே போட்டிருக்காங்க.
கிழங்கு விக்கிற பொம்பளை
உன்னை மாதிரியே முறைக்கிறா."

கீழக்கரை உவைஸ் கையில்
ஒரு கொட்டை வந்தது,
காலுறைக்குள் சுருட்டி.

தனியாக நடச் சொல்லியிருந்தான்.
மூக்கையூர் மணலில் எது தனி?
ஆவணியில் அறுநூறு கொட்டை அடுக்கினேன்,
அதையும் ஓரத்தில் அமுக்கினேன்.
அடையாளக் குச்சியை
வாடைக்காற்று கொண்டுபோனது.

தை பிறக்க நாலு நாள்.
தோண்டினால் எல்லாம் ஒரே வெளுப்பு,
ஒரே கூர்.
இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டி
சாயல்குடிச் சந்தையில் விற்றுவிட்டேன்.

இந்நேரம் பரமக்குடியிலோ முதுகுளத்தூரிலோ
யாரோ
உப்பும் மஞ்சளும் போட்டு அவித்து,
நாரை உரித்து,
பீலியை எடுத்து எறிந்துவிட்டு
ஆப்பிரிக்காவைத்
தின்றுகொண்டிருக்கலாம்,
கொஞ்சம் கசக்குதே என்றபடி.

"முளைச்சுதா?"

"முளைச்சுது."

"எவ்வளவு உயரம்?"

"ஒரு முழம்" என்றேன்.
பொய்யில்லை.